கேபிளைத் தாண்டி வந்த கட்டளை

ஒரு சர்வர் தன் டிஸ்க்கிலிருந்து எதையாவது படிக்க வேண்டுமென்றால், அது அனுப்பும் கட்டளை பல சமயம் வெறும் 10 பைட்தான். முதல் பைட்டில் பதினறும எண் முறையில் 28 இருந்தால் ‘படி’ என்று பொருள். மூன்றாவது முதல் ஆறாவது பைட் வரை, எந்த பிளாக்கிலிருந்து என்ற எண். எட்டிலும் ஒன்பதிலும், எத்தனை பிளாக். கோப்பின் பெயர் இதில் இருக்காது. அது யாருடைய கோப்பு என்பதும் இருக்காது.

இந்தக் கட்டளைக் குடும்பத்தின் பூர்வீகம், ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற கலிஃபோர்னியா டிஸ்க் நிறுவனம். அங்கே லாரி பௌச்சரின் குழு 1970களின் இறுதியில் உருவாக்கிய சாசி என்ற இணைப்புமுறைதான் வளர்ந்து, 1986-ல் ஸ்கஸி என்ற பெயரில் அமெரிக்கத் தரமாயிற்று. 50 கம்பிகள் கொண்ட பட்டைக் கேபிள். அதில் அதிகபட்சம் எட்டுச் சாதனங்கள். வழக்கமான வகையில் 6 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஆக, டிஸ்க் கணினிப் பெட்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோதான் இருந்தாக வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டு கணினிகளை மாட்டத் தரம் இடம் கொடுத்தது, மாட்டியவர்கள் குறைவு. டிஸ்க்குக்கு ஒரே ஒரு கணினிதான் என்ற எண்ணத்திலேயே பெரும்பாலான ஃபைல் சிஸ்டங்களும் எழுதப்பட்டன.

1990களில் ஃபைபர் சேனல் இந்தக் கட்டளையை அறைக்கு வெளியே கொண்டுபோனது. ஆனால் அதற்குத் தனி கார்டு, தனி சுவிட்ச், தனிச் செலவு. ஏற்கெனவே எல்லா இடத்திலும் ஓடும் ஈதர்நெட்டிலேயே அனுப்பினால் என்ன என்று கேட்டவர்களில் ஐபிஎம் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். ஹைஃபா ஆய்வகத்தின் ஜூலியன் சத்ரான் முன்னின்று தொகுத்த ஐஸ்கஸி நெறிமுறை 2004 ஏப்ரலில் வெளியானது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் 48 பைட் தலைப்பு. கட்டளைச் செய்தியாக இருந்தால் அந்தத் தலைப்பின் கடைசி 16 பைட்டில் பழைய ஸ்கஸி கட்டளை ஓர் எழுத்துகூட மாறாமல் உட்கார்ந்திருக்கும். அதை டிசிபி சுமந்துசெல்லும். போய்ச் சேரும் போர்ட் 3260.

லினக்ஸ் சர்வரையே ஐஸ்கஸி டிஸ்க்காகக் காட்டச் சில திறமூல முயற்சிகள் முன்பே இருந்தன. நிக்கோலஸ் பெல்லிங்கர் முன்னெடுத்த லியோ என்ற மென்பொருள் 2011-ல் கெர்னலுக்குள்ளேயே இடம்பிடித்தது. அதன்பின் எந்தச் சாதாரண சர்வரும் டிஸ்க் பெட்டியாக வேடம் கட்டலாம். டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம்மில் ஒரு வால்யூம் வெட்டுகிறோம். ஃபார்மட் செய்யத் தேவையில்லை. டார்கெட்சிஎல்ஐ கருவியைத் திறந்து அந்த வால்யூமைப் பின்புலமாகச் சேர்க்கிறோம், டார்கெட்டுக்கு, அதாவது டிஸ்க்கைத் தரும் முனைக்கு, ஒரு பெயர் கொடுக்கிறோம், வால்யூமுக்கு லன் என்ற அடையாள எண் ஒதுக்குகிறோம். கடைசியில் ஏசிஎல்: எந்தக் கிளையன்ட் உள்ளே வரலாம் என்ற பட்டியல். பலர் தடுமாறுவது இங்கேதான். கிளையன்ட் தன்னை அறிமுகப்படுத்தும் இனிஷியேட்டர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், லாகின் 24-ஆம் எண் பிழையோடு திரும்பிவிடும். ஒத்துப்போனால் அடுத்த நொடியே கிளையன்ட்டில் ஒரு புது டிஸ்க் முளைக்கும். உள்ளே மாட்டிய டிஸ்க்குக்கும் அதற்கும் மேலுள்ள மென்பொருள் வித்தியாசம் பார்ப்பதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை எல்லாரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே லன்னை இரண்டு சர்வர்களில் இஎக்ஸ்டி4 என்ற சாதாரண ஃபைல் சிஸ்டமாக மவுன்ட் செய்தால் என்ன ஆகும்? முதல் சர்வர் 5000-ஆவது பிளாக்கை ஒரு கோப்புக்கு ஒதுக்கி எழுதுகிறது. இரண்டாவது சர்வரின் நினைவகத்தில் உள்ள வரைபடத்தில் 5000 இன்னும் காலி. அதுவும் அங்கேயே எழுதுகிறது. இரண்டு முறை எழுதியதற்கும் டிஸ்க் ‘சரி’ என்றே பதில் சொல்லும், ஏனென்றால் கேட்டதை அது செய்துவிட்டது. சேதம் தெரியவரும்போது பல நாட்கள் ஓடியிருக்கலாம். பேக்கப்பிலும் அதே சேதம் ஏறியிருக்கும்.

ஆகவே உண்மையாகவே பகிர வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்கள் வேண்டும். எழுதுவதற்கு முன் ஒன்றையொன்று கேட்டுப் பூட்டுப்போடுபவை அவை. கோப்புகளைப் பகிர்ந்தால் போதும் என்றால் என்எஃப்எஸ்ஸே நல்லது. ஒரு சர்வர் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இஎக்ஸ்டி4 போதும். ஆனால் அதன் எம்எம்பி வசதியைக் கட்டாயம் இயக்குங்கள், ஒரு சர்வரில் மவுன்ட் ஆகியிருந்தால் இன்னொன்றில் மவுன்ட் ஆகவிடாது. ஐஸ்கஸியில் தரவு இயல்பாகக் குறியாக்கம் இல்லாமல் திறந்தபடியே போவதால், அதற்கு விலான் என்ற தனி வலைப்பிரிவு ஒதுக்குவதும் அவசியம்.

2019-ல் லினக்ஸ் 5.0-வில் புதிய எஸ்எஸ்டி டிஸ்க்குகளின் என்விஎம்இ கட்டளைகளையும் டிசிபி வழியே அனுப்பும் வசதி வந்துவிட்டது. கட்டளை இப்போது 64 பைட், வேகமும் கூடுதல். அதிலும் கோப்பின் பெயர் கிடையாது. லன்னுக்கு நிகரான நேம்ஸ்பேஸ் ஒன்றையே இரண்டு சர்வர்களில் இஎக்ஸ்டி4 ஆக மவுன்ட் செய்தால் அதே 5000-ஆவது பிளாக்கில்தான் மோதும்.