நெல்லுச்சோறும் கிரேக்கர்களின் பார்லியும்

போன பகுதியில் ஏதென்ஸ் நகரத்தைப் பற்றிப் பேசினோம். "அந்த ஆளுங்க தினமும் என்னதான் சாப்பிட்டாங்க?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இதுக்குப் பதில் சொல்ல நான் சாத்தூர் பக்கம் இருந்த எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படியில் இருந்து தொடங்கணும்.

அம்மாச்சி 'சோறு'ன்னு சொன்னா அது கம்பஞ்சோறு. அரிசியில் பொங்கினதுக்குத் தனிப் பேர், நெல்லுச்சோறு. கரிசல் மண்ணில் மழையை நம்பி வர்றது கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துட்டுப் போற விருந்தாளி.

ஏதென்ஸைச் சுற்றியிருந்த அட்டிகா மண்ணும் வறண்ட மண்தான். கோதுமையைவிட பார்லி அங்கே நல்லா வந்தது. பார்லியை வறுத்து, மாவாக்கி, தண்ணீரோ கொஞ்சம் எண்ணெயோ விட்டுப் பிசைந்தால் 'மாசா'. இதுதான் சாதாரண ஜனங்களோட சாப்பாடு. கோதுமை ரொட்டிக்கு 'ஆர்டோஸ்'னு வேற பேர். ஏதென்ஸின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் மாசா, பண்டிகையன்று மட்டும் கோதுமை ரொட்டி என்று சோலோன் விதி வைத்ததாகச் சொல்கிறார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆள் அவர். எங்க அம்மாச்சி வீட்டுச் சட்டமும் அதேதான்!

இன்னொரு ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரேக்கர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். தானியம் 'சிட்டோஸ்', அதோட தொட்டுக்கிறது 'ஆப்சன்'. மீன், பாலாடைக்கட்டி, வெங்காயம், ஆலிவ் எல்லாம் ஆப்சன். நம்ம ஊர்ல அதுக்கு அச்சு அசலா ஒரு சொல் இருக்கே, வெஞ்சனம். விருந்தில் ஒரு பையன் ரொட்டியை விட்டுட்டு ஆப்சனையே தின்றதைப் பார்த்து சாக்ரடீஸ் கிண்டலடித்ததை செனபோன் எழுதியிருக்கிறார். பையன் வெட்கப்பட்டு ரொட்டியில் கை வைத்தானாம். நான் துவையலை மட்டும் வழிச்சுத் தின்னப்ப அம்மாச்சியும் விடலை. "வெஞ்சனத்தைத் தின்னே வயித்த ரொப்பப் போறியாக்கும்?"

கறியும் அப்படித்தான். கிரேக்கர்களுக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி பெரும்பாலும் பலி கொடுத்த அன்றைக்குத்தான். தொடையெலும்பும் கொழுப்பும் நெருப்பில் சாமிக்கு, சதை ஜனங்களுக்குப் பங்கு. இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா வெட்டிப் பந்தி போட்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்ப நிலைமை தலைகீழ். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு வேண்டிய கோதுமை மைதாவா வந்து இறங்குது. கம்பங்கூழை நாம காசு கொடுத்து ரோட்டோரத் தள்ளுவண்டியில் குடிக்கிறோம்.

நானும் ஒரு தடவை அம்மாச்சிகிட்ட ஏக்கமாச் சொன்னேன், "அந்தக் காலச் சாப்பாடே தனி"ன்னு. அவங்க சிரிக்கலை. பகலெல்லாம் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிட்டு வந்து, கம்பில் தண்ணி தெளிச்சுக் குத்தி, உமியைப் புடைச்சு, மறுபடி குத்தி, அப்புறம் உலை வைக்கணும். "ஒன் தாத்தாவுக்குச் சோறு ருசி. எனக்குத் தோள்பட்டை வலி. நெல்லுச்சோறு தெனமும் கிடைக்குதேன்னு நான் இருக்கேன்."

அதுக்கப்புறம் ஒடிசியின் 20ஆம் காண்டத்தைப் படிச்சப்ப ஒரு இடத்தில் நின்னுட்டேன். ஒடிசியஸ் அரண்மனையில் 12 பெண்கள் திருகை அரைக்கிறாங்க. பார்லி மாவு, கோதுமை மாவு. 11 பேர் முடிச்சுட்டுத் தூங்கிட்டாங்க. எல்லாரிலும் பலவீனமான ஒருத்தி மட்டும் விடியற நேரத்திலும் அரைச்சுக்கிட்டு இருக்கா. இடி கேட்குது. திருகையை நிறுத்திட்டு சாமியைக் கும்பிடறா: என் முழங்காலை ஒடிச்ச இந்த ஆளுங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடே கடைசிச் சாப்பாடா இருக்கட்டும்னு. ஹோமர் அவளுக்குப் பேர் வைக்கலை.