கூல்டின் பத்து இன்டர்மெட்சோக்கள்

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982), ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸ் (1833–1897) எழுதிய பத்து இன்டர்மெட்சோக்களை வாசித்த இசைத்தட்டு இது. 1960இல் நியூயார்க்கில் பதிவாகி, 1961இல் கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை வாசித்ததற்காகவே உலகம் அறிந்த கலைஞர் கூல்ட். ஷோபான், ஷூமன், லிஸ்ட் போன்றோரின் பியானோ இசையில் தமக்கு நாட்டமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். அவருடைய பதிவுகளிலேயே கனிவு மிகுந்ததாக இந்தத் தட்டு அமைந்ததைப் பலர் புதிராகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பாக்கில் அவர் தேடிய, பல மெட்டுகள் ஒரே நேரத்தில் இழையும் அதே குரல் பின்னலைத்தான் இங்கேயும் தேடினார். கனிவு அந்தத் தேடலிலிருந்தே பிறந்தது.

படைப்புகளின் பின்னணி

1890இல் தம் இரண்டாவது வயோலா குவின்டெட்டை (ஓபஸ், அதாவது படைப்பு எண், 111) முடித்ததும் பிராம்ஸ் எழுதுவதை நிறுத்திக்கொள்ள எண்ணினார். மறு ஆண்டு மைனிங்கன் நகரில் ரிச்சர்ட் ம்யூல்ஃபெல்டின் கிளாரினெட் வாசிப்பைக் கேட்டது அந்த எண்ணத்தை மாற்றியது. கிளாரினெட்டுக்கான படைப்புகளை அடுத்து, 1892, 1893 கோடைகளில் ஆஸ்திரியாவின் இஷ்ல் ஊரில் தங்கியிருந்தபோது பியானோவுக்கான நான்கு தொகுதிகளை முடித்தார். ஓபஸ் 116 முதல் 119 வரையிலான அவற்றில் மொத்தம் 20 சிறு படைப்புகள் உள்ளன. பியானோவுக்கென்று மட்டுமே அவர் எழுதியவற்றில் இவையே கடைசி.

இருபதில் 14 படைப்புகளுக்கு அவர் இட்ட பெயர் இன்டர்மெட்சோ. நாடகக் காட்சிகளின் இடைவெளியில் வரும் இசையைக் குறித்த பழைய இத்தாலியச் சொல் அது. பிராம்ஸோ, வேறு எந்த வடிவப் பெயருக்குள்ளும் அடங்காத, பெரும்பாலும் அமைதியான, தன்னுள் ஆழ்ந்த சிறு படைப்புகளுக்கு அதைப் பயன்படுத்தினார். ஓபஸ் 117இன் முதல் படைப்புக்கு முகப்பாக, எழுத்தாளர் ஹெர்டர் ஜெர்மனில் தந்த ஸ்காட்லாந்துத் தாலாட்டு ஒன்றின் தொடக்க வரிகளை வைத்தார். அந்தத் தொகுதியின் மூன்றையும் தம் துயரங்களின் தாலாட்டுகள் என்று நண்பர் ஒருவரிடம் குறிப்பிட்டார். ஓபஸ் 118 பிராம்ஸின் நெருங்கிய தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஓபஸ் 119இன் முதல் இன்டர்மெட்சோவை 1893இல் கிளாராவுக்கு அனுப்பியபோது, அதில் முரண்சுரங்கள் நிறைந்திருப்பதாகவும், ஒவ்வொரு சுரத்தையும் காலம் தளர்ந்துகொண்டே போவதுபோல வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார். கிளாரா அதைச் சாம்பல் நிற முத்து என்றார்.

தேர்வும் பதிவும்

கூல்ட் எந்தத் தொகுதியையும் முழுமையாக வாசிக்க வேண்டும் என்று எண்ணவில்லை. ஓபஸ் 117இன் மூன்றையும் எடுத்துக்கொண்டார். ஓபஸ் 118இலிருந்து ஒன்று, இரண்டு, ஆறு எண்களையும், ஓபஸ் 116இலிருந்து நான்காவதையும், ஓபஸ் 119இலிருந்து முதலாவதையும் சேர்த்தார். அவற்றோடு 1878இல் எழுதப்பட்ட ஓபஸ் 76இன் ஆறாம், ஏழாம் படைப்புகளும் இடம்பெற்றன. ஆகவே இதை முழுக்க முழுக்கப் பிற்காலப் படைப்புகளின் தொகுப்பு என்று சொல்ல முடியாது. பத்தில் எட்டுதான் அந்த வகை. கப்ரிச்சியோக்கள், பாலட், ராப்சடி ஆகிய வேகமும் ஆவேசமும் கொண்ட படைப்புகள் விலக்கப்பட்டன. இன்டர்மெட்சோவான ஓபஸ் 118, எண் 4ஐ விட்டது மட்டும் வியப்பளிக்கிறது. ஒரு கை வாசிப்பதை மற்றொரு கை பின்தொடரும் கேனன் முறையில் அமைந்த அந்தப் படைப்பு கூல்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

பதிவு 1960 செப்டம்பர், நவம்பர் மாதங்களில், மன்ஹாட்டன் கிழக்கு 30ஆம் தெருவிலிருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. முன்பு தேவாலயமாக இருந்த அந்த உயர்ந்த கூடத்தில்தான் 1955இல் கூல்ட் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் தம் புகழ்பெற்ற பதிவையும் செய்திருந்தார். இப்போது அவருக்கு வயது 28. 1959 டிசம்பரில் தோளில் ஏற்பட்ட காயத்துக்காக 1960 வசந்த காலத்தில் மேலுடம்பில் மாவுக்கட்டுடன் இருந்தார். கச்சேரிகள் பல ரத்தாயின. வாசிப்பின் மென்மையை இந்தக் காயத்தோடு முடிச்சுப் போடுவது எளிது. ஆனால் தட்டில் கேட்கும் விரல் கட்டுப்பாட்டில் எந்தத் தளர்ச்சியும் இல்லை.

வாசிப்பு

பிராம்ஸ் மெட்டை அடிக்கடி நடுக்குரலில் ஒளித்துவைப்பார். ஓபஸ் 117இன் முதல் படைப்பில் தாலாட்டின் மெட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரே சுரம் எட்டுச் சுர இடைவெளியில் ஒலித்துக்கொண்டிருக்கும். வலது கையின் மேல்விரலுக்கு முதன்மை தரும் வழக்கமான வாசிப்பில் மெட்டு மங்கிவிடும். கூல்ட் மேல்சுரங்களை நிழலாக ஒதுக்கி, உள்ளே இருக்கும் குரலை முன்னுக்குக் கொண்டுவருகிறார். அதே நேரம் கீழ்க்குரல் துணையாக மட்டும் நின்றுவிடாமல் தனக்கென ஒரு பேச்சைப் பேசுகிறது. ஏ மேஜரில் அமைந்த ஓபஸ் 118, எண் 2இன் நடுப்பகுதியிலும் இதைத் தெளிவாகக் கேட்கலாம். எஃப் ஷார்ப் மைனரில் மேல்குரல் பாடத் தொடங்கியதும் உள்குரல் சற்றுப் பிந்தி அதையே தொடரும். பல பதிவுகளில் அந்த எதிர்க்குரலைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கும். இங்கே இரண்டு பேர் பாடுவது தெரிகிறது.

காலப்பிரமாணத்தில் அவர் எடுத்துக்கொண்ட சுதந்திரம் பாக் பதிவுகளின் இறுக்கமான தாளத்துக்கு நேர் எதிரானது. இடது கை முன்னே விழ, வலது கை ஒரு கணம் தாமதித்துச் சேர்கிறது. சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர்களிடம் இயல்பாக இருந்த இந்தப் பழக்கத்தை 1960ஆம் ஆண்டின் பியானோ உலகம் பெரிதும் கைவிட்டிருந்தது. குரல்களைப் பிரித்துக் காட்டவும் இந்தச் சிறு விலகல் கூல்டுக்கு உதவுகிறது: ஒரே நேரத்தில் விழாத சுரங்களைக் காது தனித்தனியாகப் பின்தொடர்கிறது.

பெடல் பயன்பாடு சிக்கனமானது. பி ஃப்ளாட் மைனரிலான ஓபஸ் 117, எண் 2இல் சுரக்கோவைகள் புகைமூட்டமாகக் கலந்துவிடாமல், அவற்றுள் பொதிந்த மெட்டு சுரம் சுரமாக வெளிப்படுகிறது. பி மைனரிலான ஓபஸ் 119, எண் 1இல், இறங்கும் மூன்றாம் இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தங்கி முரண்சுரங்களாக மாறும் விதம் பளிச்சென்று கேட்கிறது. பிராம்ஸைப் பழமையின் கடைசிக் காவலராக அல்லாமல் புதுமையாளராகக் கண்டவர் இசையமைப்பாளர் ஷோன்பெர்க். அந்த ஷோன்பெர்க்கின் பியானோ இசையைத் தொடர்ந்து வாசித்துவந்த கூல்டிடம் இந்தப் பார்வை இருந்ததில் ஆச்சரியமில்லை.

இழப்பும் உண்டு. ஈ ஃப்ளாட் மைனரிலான ஓபஸ் 118, எண் 6, இறந்தோருக்கான பழைய லத்தீன் வழிபாட்டு இசையை நினைவூட்டும் ஒற்றை மெட்டுடன் தொடங்கி, நடுவில் அணிவகுப்புபோல எழும்பும். அந்த எழுச்சிக்கு வேண்டிய திண்மையான ஒலி கூல்டின் வாசிப்பில் முழுமையாக இல்லை. அங்கே பியானோ கலைஞர் ராடு லூபுவின் பதிவு மேலோங்கி நிற்கிறது.

கூல்டின் கருத்தும் பின்னர் நடந்தவையும்

பிராம்ஸ் பதிவுகளில் இதற்குமுன் கேட்டிராத, மனோதர்மமாக எழுவது போன்ற ஒரு சூழலைத் தாம் பிடித்துவிட்டதாகக் கூல்ட் நம்பினார். தனக்காகவே வாசிப்பவர் கதவைத் திறந்து வைத்திருப்பதுபோல இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொன்னார். பலருக்கு இது பிடிக்காமல் போகலாம் என்பதையும் எதிர்பார்த்தார்.

1962 ஏப்ரலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசிக்க அவர் தேர்ந்த காலப்பிரமாணம், நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தாம் அதில் உடன்படவில்லை என்று மேடையிலேயே அறிவிக்கும் அளவுக்குச் சென்றது. 1964இல் கூல்ட் கச்சேரி மேடையை விட்டார். தனிப் பியானோவுக்கான பிராம்ஸ் படைப்புகளுக்கு 1982இல்தான் திரும்பிவந்தார்: ஓபஸ் 10இன் நான்கு பாலட்களையும் ஓபஸ் 79இன் இரண்டு ராப்சடிகளையும் பதிவுசெய்தார். 30ஆம் தெருக் கூடம் அதற்குள் மூடப்பட்டிருந்ததால் அவை நியூயார்க்கில் வேறொரு கூடத்தில் பதிவாயின. அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் டொரன்டோவில் அவர் காலமானார். அந்தப் பதிவுகளின் தட்டு 1983இல் வெளிவந்தது.