வீடு கட்ட யார் அனுமதி தருவது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய போராட்டங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்கள் இன்று ஒரு சாதாரணக் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கட்டட அனுமதி. மக்கள் வழக்கில் 'பிளான் அப்ரூவல்'.

சில ஆண்டுகளுக்கு முன், ஏலத்தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை பார்த்த ஓர் அம்மாவுக்காக இந்தக் காகிதத்தைத் தேடி அலைந்தோம். இற்றுப்போன ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, தளம் போட்டு இரண்டு அறை கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அலுவலகத்தில் மூலப்பத்திரம் கேட்டார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட நகல் கேட்டார்கள். பாதை எத்தனை அடி அகலம் என்று கேட்டார்கள். அந்த அம்மாவிடம் இருந்தவை வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை. "வரி வாங்குறப்ப என் வீடு; கட்டுறப்ப மட்டும் யாரு வீடுன்னு கேக்குறாங்களே தம்பி" என்றார். அந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் தேடுவதே இந்த உரை.

எழுதப்பட்ட சட்டம் வருவதற்கு முன்பே நமக்கென்று எழுதப்படாத கட்டட விதி ஒன்று இருந்தது. கிராமத்தில் தீண்டப்படாதார் செய்தால் குற்றமாகும் செயல்களை அண்ணல் அம்பேத்கர் ஒரு பட்டியலாகவே தருகிறார். ஓடு வேய்ந்த வீடு கட்டுவது அவற்றில் ஒன்று. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930, 1931 ஆண்டுகளில் ஆதிதிராவிடர் மீது சாதியார் விதித்த தடைகளை ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தங்கள் சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது அந்தக் கட்டளைகளில் ஒன்று. 1930ஆம் ஆண்டுத் தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அனுமதியில்லாக் கட்டடத்தை இடிக்கும் அதிகாரம் நகராட்சிக்கு வருவதற்கு முன்பே ஊருக்கு இருந்தது.

இன்னும் பின்னோக்கிப் போவோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து வந்த 1892ஆம் ஆண்டு அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. நாம் எல்லோரும் அறிந்த செய்தி இது. அதே அறிக்கை பேசிய இன்னொரு செய்தியை நாம் அதிகம் பேசுவதில்லை: வீட்டுமனை. குடியிருக்கும் மண் தன்னுடையதல்ல என்பதால், கூலி கேட்டு வாய் திறந்தவனை மிராசுதார் வீட்டைவிட்டே விரட்ட முடிந்தது. வயலில் அடிமைத்தனம் நீடித்ததற்கு மனையில் உரிமை இல்லாதது ஒரு காரணம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு 1971இல் விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971 என்ற ஆண்டைத் தன் பெயரில் தாங்கியிருக்கிறது. முதல் சட்டம் மண்ணில் உனக்கு உரிமை உண்டு என்றது. இரண்டாவது சட்டம் அந்த மண்ணில் கட்டுவதற்கு அனுமதி வாங்கு என்றது. முதல் சட்டத்தின் பயன் எட்டாதவர்களிடமும் இரண்டாவது சட்டம் போய்ச் சேர்ந்தது. நம் சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

போடிநாயக்கனூர் ஜமீன் ஊர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்து ஜமீன்கள் ஒழிக்கப்பட்டபோது, பதிவேட்டில் பெயர் இருந்த குடியானவருக்கு ரயத்துவாரி பட்டா கிடைத்தது. பதிவேட்டில் ஏறாமல் ஏர் பிடித்தவருக்கு என்ன கிடைக்கும்? பின்னர் 1989இல் இதே போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. வீடு எரிந்தால் பெட்டிக்குள் இருந்த காகிதமும் சேர்ந்துதான் எரியும். முப்பது ஆண்டு கழித்து மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பவருக்கு இது தெரிவதில்லை.

இனி மலைமேல் ஏறுவோம். விடியுமுன் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஜீப்புகள் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. அவர்கள் எடுத்த காய் ஸ்டோரில் உலர்ந்து, போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் விலை போகிறது. மலையிலேயே தங்கி வேலை பார்ப்பவருக்குத் தோட்டத்து லயம். தோட்டத் தொழிலாளருக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் அது தந்தது வேலையோடு கட்டிப்போட்ட கூரை. வேலை போனால் கூரையும் போகும்.

அந்தக் கூரை எப்படிப்பட்டது என்பதைப் போடிமெட்டுக்கு அப்பால், மூணாறு மலையில் இருக்கும் பெட்டிமுடி காட்டியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் அங்கிருந்த லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டார்கள். தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பங்கள். நம் மக்கள் பலர் அதில் இருந்தார்கள். எந்தச் சரிவில் குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு என்றுமே இருந்ததில்லை. அனுமதி என்பது பாதுகாப்புக்காக என்றால், அதன் பயன் முதலில் சேர வேண்டிய இடம் லயம்.

விதி மீறியவர்கள் எல்லோரையும் அரசு ஒரே மாதிரி நடத்துவதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் போதும், ஆனால் பத்திரம் வேண்டும். கேரளத்தில் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று பட்டா தந்த நிலத்தில் எழும்பிய வேறு கட்டடங்களை முறைப்படுத்த 2023இல் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. நிலம் உள்ளவரின் மீறல், சட்டத்தையே திருத்தித் திருத்திக்கொள்ளத் தக்க பிழை. நிலம் இல்லாதவரின் குடிசை ஆக்கிரமிப்பு. 2024 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். வரவேற்கிறோம். லஞ்சமும் அலைச்சலும் குறைந்தால் ஏழைக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கதவும் பட்டா என்ற சாவியால்தான் திறக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. நத்தம் என்பது குடியிருப்பவருக்கான மண். அதை அரசு நிலமாகக் கருத முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இதைத் தெருத்தெருவாகச் சொல்வோம். சமூகவியலும் சட்டமும் படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் தங்கள் சேரியின் 'அ' பதிவேட்டையும் நத்தம் கணக்கையும் எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் பட்டா உண்டு, எதற்கு இல்லை என்று பட்டியல் எடுக்க வேண்டும். புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன், அது டி.சி. நிலமா என்று பார்க்கச் சொல்லி ஒவ்வொரு நகராட்சியிலும் மனுக் கொடுக்க வேண்டும். பஞ்சமி நில மீட்புக்காக 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அந்த மனுவாக இருக்கட்டும்.

அந்த அம்மாவின் கோப்பு இன்னும் எங்களிடம் இருக்கிறது. நத்தம் பட்டாவுக்கு மனு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் அவர் கூரைமேல் தார்ப்பாய் போர்த்துகிறார். அதற்கு மட்டும் யாரும் அனுமதி கேட்பதில்லை.

ஜெய்பீம்.