இப்ரோனியசிட்: காசநோய் மருந்து மனச்சோர்வு மருந்தான வரலாறு

இப்ரோனியசிட் என்பது மனச்சோர்வு நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்று. மோனோ அமீன் ஆக்சிடேஸ் தடுப்பிகள் என்னும் மருந்து வகுப்பு இதிலிருந்தே தொடங்கியது. ஆனால் இம்மருந்து தயாரிக்கப்பட்டது காசநோய்க்காக.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ராக்கெட் எரிபொருளில் பயன்படுத்திய ஹைட்ரசின், போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தது. அதிலிருந்து பெறப்பட்ட சேர்மங்களை ஆராய்ந்த ஹாஃப்மன்-லா ரோச் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வகம், ஐசோனியசிட், இப்ரோனியசிட் ஆகிய இரண்டும் காசநோய்க் கிருமியை எதிர்ப்பதை 1951 வாக்கில் கண்டறிந்தது. இவற்றுள் ஐசோனியசிட் இன்றும் காசநோய்ச் சிகிச்சையில் முதன்மையான மருந்தாக உள்ளது.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் 1952-இல் இவை சோதிக்கப்பட்டன. பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை அற்றுப்போன நோயாளிகளுக்குப் பசி எடுத்தது, எடை கூடியது. அவர்கள் கூடத்தில் நடனமாடும் படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன. இப்ரோனியசிட் உட்கொண்டவர்களிடம் அளவுக்கு மீறிய உற்சாகம் தெரிந்தது. காசநோய் மருத்துவர்கள் அதைப் பக்கவிளைவு என்றே குறித்தனர். அவர்கள் நோக்கில் அது தவறும் அன்று.

அதே ஆண்டு சிகாகோவில் எர்ன்ஸ்ட் செல்லர், மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை இம்மருந்து தடுப்பதைக் காட்டினார். செரோடோனின், நோரெபிநெப்ரின் போன்ற நரம்புக் கடத்திகளைச் சிதைக்கும் நொதி அது. இதன் பொருள் விளங்க உதவியது ஓர் இந்திய மூலிகை. சர்ப்பகந்தாவிலிருந்து எடுக்கப்படும் ரிசர்ப்பின், சோதனை விலங்குகளைத் தளர்ந்து கிடக்கச் செய்யும். இப்ரோனியசிட்டை முன்னதாகக் கொடுத்திருந்தால் அவ்விலங்குகள் தளராமல், வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருந்தன.

ரிசர்ப்பினை அமெரிக்க மனநல மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான நேதன் கிளைன் இதைக் கவனித்தார். நியூயார்க்கின் ராக்லாந்து மாநில மருத்துவமனையில் தம் குழுவினருடன் நோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்து, 1957-இல் முடிவுகளை அறிவித்தார். முன்பே சிலர் இதை முயன்றிருந்தனர். கிளைன் குழுவினரோ பல வாரங்கள் பொறுத்திருந்து பார்த்தனர். மனச்சோர்வு மருந்துகள் பலன்தர வாரக்கணக்கில் ஆகும் என்பது இன்று பாடநூல் செய்தி. அன்று அதற்குத் தனிப் பொறுமை வேண்டியிருந்தது. காசநோய் மருந்தாக ஏற்கெனவே கடைகளில் இருந்ததால், ஓராண்டுக்குள் சுமார் 4,00,000 பேர் மனச்சோர்வுக்காக இதை உட்கொண்டனர். கிளைனுக்கு 1964-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. உடன் ஆய்வாளரான சாண்டர்ஸ் தமக்கும் பங்குண்டு என்று வழக்குத் தொடுத்தார்.

அதற்குள் மருந்தே வீழ்ந்திருந்தது. கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் ஏற்பட்டதால் 1961-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து இப்ரோனியசிட் விலக்கப்பட்டது. அதே வகுப்பைச் சேர்ந்த டிரானில்சைப்ரோமின் முதலிய பிற மருந்துகளை உட்கொண்ட சிலருக்கோ திடீரெனக் கடும் தலைவலியும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இரத்த அழுத்த உயர்வும் வந்தன.

காரணத்தைச் சுட்டியவர் இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த ஒரு மருந்தாளர். இம்மருந்து உட்கொண்டிருந்த தம் மனைவிக்குச் சீஸ் தின்றபின் இருமுறை இவ்வாறு நேர்ந்தது என்று, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் இளம் மருத்துவர் பேரி பிளாக்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். பிளாக்வெல் முதலில் அதை நம்பவில்லை. பிறகு அதேபோன்ற நோயாளிகளைக் கண்டு, 1963-இல் அதை வெளியிட்டார். நாட்பட்ட சீசில் டைரமின் என்னும் பொருள் மிகுதி. குடலிலும் கல்லீரலிலும் உள்ள அதே நொதிதான் டைரமினைச் சிதைக்கிறது. நொதி தடுக்கப்பட்டால் டைரமின் இரத்தத்தில் கலந்து, நோரெபிநெப்ரினை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

டிரானில்சைப்ரோமின் 1964-இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டு, எச்சரிக்கைகளுடன் அதே ஆண்டிலேயே திரும்பியது. எனினும் மருத்துவர்கள் பலர் இமிப்ரமின் வகை மருந்துகளுக்கு மாறிவிட்டனர். இன்று பிற மருந்துகள் பலனளிக்காதபோதே பெரும்பாலும் இவ்வகுப்பை நாடுகின்றனர். குடலைத் தவிர்த்துத் தோல் வழியே செல்லும் செலிஜிலின் ஒட்டுப்பட்டை 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் மிகக் குறைந்த அளவுக்கு உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை.