டென்னிஸ் பந்தைப் பிடித்த காமிரா

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். டென்னிஸ் பந்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது. காமிராவின் மூடி 1/100 வினாடி திறந்திருந்தால், அதற்குள் பந்து 40 செ.மீ. நகர்ந்துவிடும். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 6.5 செ.மீ. தான். படத்தில் பந்து தெரியாது; வெண்ணிறக் கீற்றுதான் தெரியும். மூடி 1/1000 வினாடி திறந்தால் நகர்வு 4 செ.மீ. ஆகக் குறையும்; பந்தின் உருவம் ஓரளவு புலப்படும்.

இத்தகைய வேகமான மூடிக்கு 1888இல் காப்புரிமை பெற்றவர் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் என்னும் ஜெர்மானியர். அவருடைய மூடி ஒளித்தகட்டின் முன்னே விரைந்தோடும் ஒரு திரை. அதிலுள்ள ஒடுங்கிய பிளவு கடக்கும் கணத்தில் மட்டுமே தகட்டில் ஒளி படும். ஆனால் நேரம் பத்தில் ஒரு பங்கானால் ஒளியும் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நல்ல வெயில் தேவைப்பட்டது.

இந்தத் துறையில் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லாதோரின் பங்கு பெரிது. ஜார்ஜ் பெல்டாம் (1868–1937) இங்கிலாந்தில் ஊதியமின்றி ஆடிய கிரிக்கெட் வீரர். 1905இல் பி.ஏ. வெய்லுடன் சேர்ந்து, டென்னிஸ் வீரர்களின் ஆட்டமுறைகளைப் படங்களால் விளக்கும் நூலை வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற கிரிக்கெட் படங்கள், வீரர்கள் காமிராவுக்காக ஆடிக் காட்டியவை. அவை பொய்யா? அல்ல. கையும் மட்டையும் இயங்கும் விதத்தை அவை சரியாகவே காட்டின. எதிராளியின் நெருக்கடியைத்தான் காட்டவில்லை.

பிரான்சில் ஜாக் ஆன்றி லார்த்திக் (1894–1986) சிறுவயதிலேயே காமிராவைக் கையில் எடுத்தவர். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 6 முறை வென்ற சுசான் லெங்லென் ஆடுவதை அவர் படம் பிடித்தார். லெங்லென் துள்ளி ஆடுவதில் பெயர் பெற்றவர். துள்ளலின் உச்சியில் செங்குத்து வேகம் சுழியாகிறது அல்லவா? சர்வ் போட மேலே எறியும் பந்துக்கும் இதே விதிதான். உச்சியிலிருந்து முதல் 1/100 வினாடியில் அது விழுவது அரை மில்லி மீட்டர் மட்டுமே. எளிய காமிராவும் அந்தப் பந்தைத் தெளிவாகப் பிடிக்கும்; கருவியின் குறையைக் காலமறிந்த விரல் ஈடுசெய்துவிடும்.

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ ஏறத்தாழ 5/1000 வினாடிதான். 1930களில் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்டன் மூடியை நம்பாமல் ஒளியையே துண்டு துண்டாக்கினார். இருளில் விளக்கு சீராக மின்ன, ஒரே படத்தில் டென்னிஸ் அடியின் பல நிலைகள் பதிந்தன. இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட காலம் தெரியும். மட்டை நகர்ந்த தூரத்தைப் படத்தில் அளக்கலாம். வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். படம் அளவுகோலாகிவிட்டது!

நீங்களும் மைதானத்தில் படம் எடுக்கலாம். எடுத்தபின், மூடி திறந்திருந்த நேரம் எவ்வளவு, ஆடியது போட்டியா பயிற்சியா என்பதைப் படத்தின் கீழே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால்தான் அழகான படம் அறிவியல் சான்றாகவும் நிற்கும்.