விண்மீன் பிறப்பு ஓய்ந்த மண்டலங்கள்

விண்மீன் மண்டலம் ஒன்றில் புதிய விண்மீன்கள் பிறப்பது குறைந்து, அநேகமாக நின்றுபோவதே இந்த ஓய்வு நிலை. நமது பால்வெளியில் இன்றும் ஆண்டுக்கு ஓரிரு சூரியன் நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. கன்னி என்ற மண்டலத் திரளின் எம்87 மண்டலம் அதைவிட மிகப் பெரியது. அங்கே பிறப்பு ஏறக்குறைய இல்லை.

இந்த வேறுபாடு நிறத்தில் தெரியும். பெரிய நீல விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளில் எரிந்து தீரும். புதியவை வராவிட்டால் மஞ்சளும் சிவப்புமே எஞ்சும். போர்க்கால இருட்டடிப்பு தந்த இருண்ட வானில் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை ஆராய்ந்த வானியலாளர் வால்டர் பாடே, 1944இல் விண்மீன்களை இளையவை, முதியவை என இரு கூட்டமாகப் பிரித்தார். 2003இல் கினிவியர் காஃப்மன் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை ஒப்பிட்டு, சுமார் 3,000 கோடி சூரிய நிறைக்கு மேற்பட்டவற்றில் முதியவையே மிகுதி எனக் கண்டது.

விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அது பறிபோகலாம், சூடாகலாம், வரத்து நிற்கலாம். திரளுக்குள் பாயும் மண்டலத்தின் வாயுவை அங்குள்ள சூடான வாயு எதிர்க்காற்றுபோல் உரித்தெடுக்கும் என்று 1972இல் கன், காட் என்ற இரு வானியலாளர்கள் கணித்தனர். அப்படி உரிபடும் ஜேஓ201 மண்டலத்தை இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலம் புறஊதாக் கதிரில் படம் பிடித்தது. பெரிய மண்டலங்களில் மையக் கருந்துளையே வாயுவைச் சூடாக்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்கலம், பெர்சியஸ் திரளில் கருந்துளை வாயுவில் எழுப்பிய அலைகளை 2003இல் காட்டியது.

வரத்து நிற்பதற்கான வலுவான சான்று புனே அருகே கிடைத்தது. பிரபஞ்சத்தின் விண்மீன் பிறப்பு சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்து, பிறகு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆதித்ய சௌதுரி, நிஸ்ஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர், தலா 45 மீட்டர் அகலமுள்ள 30 அலைவாங்கிகள் கொண்ட ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியால் 7,653 மண்டலங்களின் மெல்லிய சமிக்ஞைகளைக் கூட்டிச் சராசரி கண்டனர். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஹைட்ரஜன் ஏராளம். ஆனால் செலவான வேகத்தில் 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதும். வெளியிலிருந்து வரத்து ஈடுகொடுக்காததே சரிவுக்குக் காரணம் என 2020இல் அறிவித்தனர்.

இத்தகைய மண்டலங்களை ‘இறந்தவை’ என்பது மிகை. புது ஆள் வராத தோட்டத்து லயத்தைப்போல, பழையவர்கள் நெடுங்காலம் இருப்பார்கள். வரத்து நிற்பதால் வரும் மெதுவான பட்டினி மட்டும் எல்லாவற்றையும் விளக்கவும் விளக்காது: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஆராய்ந்த ஜிஎஸ்-9209 மண்டலம், பிரபஞ்சத்துக்கு 125 கோடி வயதானபோதே ஓய்ந்திருந்தது.

மலாக்கா வாசகர்கள் இரு நிலைகளையும் பார்க்கலாம். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் எம்87 ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். சிறு தொலைநோக்கி போதும். விண்மீன் பிறப்பு ஓயாத பெரிய மெகல்லன் மேகம் என்ற மண்டலத்தைக் காண, ஜனவரி இரவு பதினொரு மணிக்குத் தஞ்சோங் பிடாரா போன்ற இருண்ட கடற்கரையிலிருந்து தெற்கே, அடிவானுக்குச் சற்று மேலே பாருங்கள்.