மின்சார மோட்டார்களின் வாக்குறுதிச் சரித்திரம்

2022ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களைக் கல்முனைப் பகுதியார் இலகுவில் மறக்கமாட்டார்கள். பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் அது கிடைத்தபாடில்லை. பாண்டிருப்பிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்த மோட்டார் சைக்கிள்கள் எண்ணெய் நிலையங்களின் வாயிலில் இரவு பகலாய்க் காத்துக் கிடந்தன. தமிழரும் முஸ்லிம்களும், ஆசிரியரும் கமக்காரரும் மீன் வியாபாரியும் ஒரே வரிசையில் நின்றனர். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிக்கும் மதிப்பு வந்தது. அந்நாட்களிலேதான் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளைப் பற்றிய பேச்சு நம் இளைஞரிடையே வலுத்தது. 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்துவிடப்பட்டபின், வெறும் பேச்சாயிருந்தது கைக்காசை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு முற்றியுள்ளது. ஆகவே இவ்வண்டிகளைச் செய்வோர் குறித்துச் சொன்ன நாட்களையும், அந்நாட்கள் வந்தபோது நடந்தவற்றையும் சரித்திர முறையில் ஆராய்வது வேண்டற்பாலதென்று நாம் கருதுகிறோம்.

மின்சார வண்டி நேற்றுப் பிறந்ததன்று. 1900ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அமெரிக்க நகரங்களின் வீதிகளிலே நீராவி, பெற்றோல், மின்சாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. தோமஸ் எடிசன் நிக்கலும் இரும்பும் கொண்ட புதிய பற்றரியை உலகை மாற்றப் போகும் சாதனமென்று அறிவித்தார். 1903இல் விற்பனைக்கு வந்த அது ஒழுகத் தொடங்கியது. 1904இல் உற்பத்தியை நிறுத்தினார். திருத்திய பற்றரி 1910ஐ ஒட்டியே சந்தைக்கு வந்தது. அதற்கிடையில் 1908இல் ஹென்றி போர்டின் மலிவு வண்டி பிறந்துவிட்டது. கைப்பிடியைச் சுழற்றித் தோள் நோகும் தொல்லையும், 1912இல் கடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டதோடு ஒழிந்தது. இவ்வளவும் ஆனபின்னும் 1914 ஜனவரியிலே போர்ட் பத்திரிகையாளருக்கு ஒரு செய்தி கூறினார்: எடிசனின் பற்றரியோடு மலிவான மின்சார வண்டியை ஓராண்டுக்குள் செய்யத் தொடங்க எண்ணியிருக்கிறோம் என்பதே அது. சோதனைக்கெனச் சில வண்டிகள் செய்யப்பட்டன. விற்பனைக்கு ஒன்றுதானும் வரவில்லை. உலகறிந்த இரு மேதைகள் ஒன்றுகூடிச் சொன்ன சொல் இது என்பதை இங்கே குறித்துக்கொள்க.

நூறாண்டு கழித்து அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி இவ்வழக்கத்தைப் பெரிய வியாபாரமாக வளர்த்தது. 2016இலே, இந்தியாவில் ஒரு விற்பனை நிலையந்தானும் இல்லாத காலத்தில், இந்தியரிடமிருந்து ஆளுக்கு 1,000 டொலர் முற்பணம் பெற்று மொடல் 3 என்னும் காருக்குப் பெயர் பதிந்தது. மும்பையில் அதன் கடை திறந்தது 2025 ஜூலையில். விற்பனைக்கு வந்ததோ வேறொரு கார், மொடல் வை. 2017 நவம்பரில் காட்டப்பட்ட ரோட்ஸ்டர் என்னும் பந்தயக் காருக்குக் குறித்த ஆண்டு 2020. முற்பணம் 50,000 டொலர். 2025 முடியும்வரை அது எவர் கைக்கும் வந்து சேரவில்லை. அதே மேடையில் 2019இல் வருமென்ற பாரவண்டியின் முதல் வண்டிகள் 2022 டிசம்பரில் கையளிக்கப்பட்டன. ஏழை எளியவரும் வாங்கத்தக்க 25,000 டொலர்க் கார் மூன்றாண்டளவில் வருமென 2020இல் சொன்ன இலான் மஸ்க், 2024 ஒக்ரோபரில் அத்தகைய சாதாரணக் கார் செய்வது பொருளற்றதென்று கூறிவிட்டார். இவரது கார்கள் பல இலட்சக்கணக்கில் உலகெங்கும் ஓடுகின்றன என்பதையும் நேர்மையாளர் மறுக்க மாட்டார்கள்.

இனி நமக்கு அண்மையிலுள்ள தமிழகத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வட்டாரத்திலே, 500 ஏக்கர் நிலத்தில், ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி ஸ்கூட்டர்த் தொழிற்சாலை எழுப்பியது. 2,400 கோடி ரூபா முதலீட்டுக்கான உடன்படிக்கை 2020 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசுடன் ஆயிற்று. முழு அளவில் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி, அதாவது இரண்டு செக்கனுக்கு ஒன்று என்றார்கள். 2021 ஜூலையில் 499 ரூபா கட்டிப் பெயர் பதிய அழைத்தபோது முதல் 24 மணித்தியாலத்தில் ஓர் இலட்சம் பேர் பதிந்தனர். ஆகஸ்ட் 15, இந்திய சுதந்திர தினத்தன்று, விலை அறிவிக்கப்பட்டது. ஒக்ரோபரில் தருவதாகச் சொன்ன வண்டி டிசம்பர் நடுவில் வந்தது. வந்த வண்டியிலும் விளம்பரத்தில் இருந்த யாவும் இல்லை. வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் வசதி 2022 ஜூனில்தான் சேர்ந்தது.

ஸ்கூட்டரின் குறை தீருமுன்னே கார் வந்தது, சொல்லிலே. 2022 ஆகஸ்ட் 15இல் கம்பெனித் தலைவர் பவிஷ் அகர்வால் மின்சாரக் கார் 2024இல் வருமென்றார்: கூரை முழுவதும் கண்ணாடி, ஒருமுறை மின்னேற்றினால் 500 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், நான்கு செக்கனில் 100 கிலோமீற்றர் வேகம். 2024ஆம் ஆண்டின் நடுவில், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முனைந்த வேளையில், கார்த் திட்டம் ஒதுக்கப்பட்டது. இருசக்கர வண்டியிலேயே கருத்தைச் செலுத்துவோம் என்றார்கள். ஆகஸ்டில் பங்கு ஒன்று 76 ரூபாவுக்கு விற்பனையாயிற்று. அந்த ஒக்ரோபரில் இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை விளக்கம் கேட்டு அறிவித்தல் அனுப்பியது. முந்திய ஓராண்டில் வந்திருந்த முறைப்பாடுகள் 10,644. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தீர்த்துவிட்டோமென்பது கம்பெனியின் மறுமொழி.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் ஓசூரும் இருக்கிறது. அங்கே ஏதர் என்னும் சிறு கம்பெனியும், பழம்பெரும் டி.வி.எஸ். கம்பெனியும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. டி.வி.எஸ். 2020 ஜனவரியில் தன் வண்டியைப் பெங்களூரில் மட்டும் விற்கத் தொடங்கியது. பின்னரே ஊர் ஊராய் விரித்தது. ஆரவாரம் குறைவு. 2025 ஏப்ரலில் இந்தியாவில் அதிக மின்சார ஸ்கூட்டர் விற்ற கம்பெனி அதுவே. மண்ணும் தொழிலாளரும் சாலையும் ஒன்றாயிருக்க, பலன் வேறுபட்டது ஏன் என்பது பொருளியல் மாணவர் ஆராயத்தக்க விஷயம்.

பெரியோர்களிற் சிலர் மின்சார வண்டியே ஒரு பித்தலாட்டம் என்கிறார்கள். அது பொருந்தாது, வண்டி மெய், ஓடுகிறது. நம் நண்பர்களிற் சிலரோ பெரிய கனவு காணாமல் பெரிய காரியம் ஆகுமா என்று வாதிடுகிறார்கள். பொறியியலாளருக்குக் கடினமான நாளைக் குறித்து வேலை வாங்குவது ஒன்று. முற்பணம் கட்டுபவனுக்கும் பங்கு வாங்குபவனுக்கும் அதே நாளைக் காட்டுவது வேறொன்று. பின்னையது வலை கரையேறுமுன் மீனை விற்பதாகும். மீன் படாவிட்டால் நட்டம் வாங்கினவனுக்கே. வராத கார் கம்பெனிக்கு வெறுங் கனவாய்ப் போகவில்லை. அது பத்திரிகையில் இடமும், முதலிடுவோர் மனத்தில் மதிப்பும் தேடித் தந்தது.

நம் கரையோரத்துக்கு இது தூரத்துக் கதையன்று. இங்கே மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குபவர் பெரும்பாலும் லீசிங் கடனில் வாங்குகிறார். வண்டி நின்றால் வயலும் நிற்கும், பள்ளியும் நிற்கும். தவணை மட்டும் நிற்பதில்லை. உப்புக்காற்றிலே மின்னிணைப்பு எத்தனை வருடம் தாங்கும், பற்றரி கெட்டால் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எந்தக் கராஜில் பழுது பார்ப்பார்கள், உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்பவற்றைக் கேட்டறிந்தே நம் தந்தையர் பெற்றோல் வண்டியை வாங்கினர். கண்ணாடிக் கூரையும் நான்கு செக்கனும் இக்கேள்விகளுக்கு விடையாகமாட்டா.

ஓலா கம்பெனி 2023 ஆகஸ்டில் ஒரு மின்சார மோட்டார் சைக்கிளின் மாதிரியைக் காட்டியது, பெயர் டயமண்ட்ஹெட். அதே வண்டியை 2025 ஆகஸ்டில் மீண்டும் மேடையேற்றி, ஐந்து இலட்சம் இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் 2027இல் வருமென்று அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டையும் விலையையும் நம் சங்க நூல்நிலையக் குறிப்பேட்டில், அறிவித்த நாளுடன் எழுதி வைத்திருக்கிறோம்.